மெல்ல வீசுவோர்க்கு ஏற்ற மட்டை

கோல்ஃப் என்னும் ஆட்டம் ஸ்காட்லாந்து நாட்டில் வளர்ந்து உலகெங்கும் பரவியது. எடின்பரோ நகரை அடுத்த லீத் என்னும் இடத்தில் 1744 ஆம் ஆண்டில் அதற்குப் பதின்மூன்று விதிகள் எழுதப்பெற்றன. இன்று வழங்கும் விதிகளுக்கெல்லாம் அவையே முன்னோடி. நம் நாட்டில், கல்கத்தாவில் 1829 ஆம் ஆண்டிலேயே ஒரு கோல்ஃப் கழகம் தோன்றிவிட்டது. உதகமண்டலம், கொடைக்கானல், சென்னையில் கிண்டி ஆகிய இடங்களிலுள்ள புல்வெளிகளை உங்களிற் சிலர் பார்த்திருக்கவும் கூடும்.

ஆட்டத்தின் அமைப்பு எளியது. சிறு பந்து ஒன்றை மட்டையால் அடித்துக்கொண்டே சென்று, நூற்றுக்கணக்கான கஜத்துக்கு அப்பாலுள்ள ஒரு குழியில் இறக்க வேண்டும். குறைந்த அடிகளில் இறக்குகின்றவரே வென்றவர். ஓர் ஆட்டத்துக்கு 14 மட்டைகள் வரை கொண்டு செல்லலாம். அவற்றுள் மிக நீளமானதும், தலை பெரியதும், பெரும்பாலும் முதல் அடிக்கு உரியதுமான மட்டைக்கு 'டிரைவர்' என்று பெயர். வண்டி ஓட்டுபவரையும் நாம் அச்சொல்லால் வழங்குகிறோம். இங்கே அது பந்தை நெடுந்தொலைவு செலுத்தும் மட்டையைக் குறிக்கும். அந்த மட்டையைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அதிலும், மெல்ல வீசுகின்ற ஒருவர் தமக்குரிய டிரைவரை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைப் பற்றி.

மெல்ல வீசுவது என்றால் எவ்வளவு? அமெரிக்காவில் பந்தயங்களில் ஆடும் தொழில்முறை ஆடவரின் மட்டைத் தலை, பந்தைத் தொடும் நேரத்தில் மணிக்குச் சுமார் 115 மைல் வேகத்தில் செல்கின்றது. அதே தரத்திலுள்ள பெண்டிர்க்கு அவ்வேகம் 94, 95 மைல். ஓய்வுபெற்ற பின் காலைவேளையில் ஆடவரும் முதியவர் ஒருவருக்கு அது 80 மைலாக இருக்கலாம். 70 ஆகவும் இருக்கலாம். வயது ஏற ஏற, முதுகும் தோளும் திரும்பும் அளவு குறைய, வேகமும் குறைகின்றது. முன்னர் எளிதாகத் தாண்டிய நீரோடையைப் பந்து இப்பொழுது தாண்டுவதில்லை. பலர் ஆட்டத்தை விட்டுவிடுவதற்குக் காரணம் களைப்பு அன்று. இந்தக் குறைவு மனத்தை உறுத்துவதே காரணம்.

இந்நிலையில் இரண்டு ஆசைகள் எழுகின்றன. ஒன்று, வலிந்து வீசுவது. மற்றொன்று, வெற்றி வீரர் கையிலுள்ள மட்டையைத் தாமும் வாங்கிவிடுவது. முதலாவது உடலைக் கெடுக்கும். இரண்டாவது பணத்தைக் கெடுக்கும். வேகமாக வீசுவோர்க்கென அமைந்த மட்டை, மெல்ல வீசுவோர் கையில் பயன்படாமற் போவதோடு நில்லாது, அவரிடம் உள்ள தொலைவையும் குறைத்துவிடும். இது ஏன் என்பதைச் சிறிது கணக்கின் துணையால் காண்போம். கல்லூரியில் பௌதிகம் பயில்வோர் இதனைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

மட்டைத் தலையின் எடை சுமார் 200 கிராம். பந்தின் எடை விதிப்படி 45.93 கிராமுக்கு மேற்படக் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மோதுமுன் நெருங்கிய வேகத்துக்கும், மோதியபின் விலகும் வேகத்துக்கும் உள்ள விகிதத்தை மீட்சிக் குணகம் என்கிறோம். மட்டையின் முகத்தை மெல்லிய உலோகத்தால் செய்தால், அது தாம்பாளத்தைப்போல் சற்றுக் குழிந்து மீண்டு, இக்குணகத்தை உயர்த்தும். இவ்வுயர்வுக்கு அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1998 ஆம் ஆண்டில் ஒரு வரம்பு கட்டியது, அவ்வரம்பு 0.83 என்று கொள்ளலாம். இந்த மூன்று எண்களையும் கொண்டு கணக்கிட்டால், பந்தின் வேகம் மட்டையின் வேகத்தைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று விடை வரும். அதாவது, 115 மைல் வேகத்தில் வீசுபவர் பந்துக்கு 170 மைல் வேகம் தரலாம். 94 மைல் வேகத்தில் வீசுபவர் 140 மைல் தரலாம். 80 மைலுக்குக் கிடைப்பது 119 மைல்.

இந்தக் கணக்கு ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. விதிக்குட்பட்ட எந்த மட்டையும் ஒன்றரை மடங்கைக் குறிப்பிடத்தக்க அளவு மிஞ்சிவிட முடியாது. 'தலையைக் கனமாக்கினால் என்ன?' என்று கேட்கலாம். 200 கிராமை 220 கிராமாக உயர்த்தினால், வீசும் வேகம் குறையாது என்று வைத்துக்கொண்டாலும், பந்தின் வேகம் நூற்றுக்கு இரண்டு பங்குகூட ஏறுவதில்லை. கனம் கூடியதால் கையின் வேகம் குறைந்துவிட்டால் அந்தச் சிறு ஆதாயமும் போய்விடும். ஆகவே, 80 மைல் வேகத்தில் வீசுபவருக்கு 119 மைல் என்பதுதான் கையிலுள்ள செல்வம். அச்செல்வத்தை வீணாக்காமல் செலவிடுவது எப்படி என்பதே கேள்வி.

இங்கேதான் பந்து பறக்கும் முறையை நாம் அறியவேண்டும். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயற்கைத் தத்துவப் பேராசிரியராக இருந்த பீட்டர் கத்ரி டெய்ட் என்பவர், 1890 களில் கோல்ஃப் பந்தின் பாதையைக் கணித முறையில் ஆராய்ந்தார். அவருடைய மகன் ஃபிரெடி டெய்ட் 1896 ஆம் ஆண்டிலும் 1898 ஆம் ஆண்டிலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்ற ஆட்டக்காரர். வெற்றிடத்தில் எறியப்படும் கல்லைப்போலவே கோல்ஃப் பந்தும் பறக்குமானால், அது வானத்தில் அத்தனை நேரம் நிற்க வழியில்லை என்பதை டெய்ட் கண்டார். பந்தில் ஒரு மெல்லிய நாடாவைக் கட்டி, அடித்தபின் நாடாவில் விழுந்த முறுக்குகளை எண்ணி, பந்து சுழலும் வேகத்தையும் அளந்தார். அவர் கண்ட முடிவு யாதெனில், சாய்ந்த முகத்தால் அடிபடும் பந்து பின்னோக்கிச் சுழல்கின்றது. அச்சுழற்சியால் காற்று அதனை மேல்நோக்கித் தாங்குகின்றது என்பதாகும். பந்தைத் தாங்கிச் செல்வது பாதி கை, பாதி காற்று எனலாம்.

காற்று தரும் இத்தாங்குவிசை பந்தின் வேகம் குறையக் குறைய விரைந்து குறைகின்றது. பந்தின் எடையோ குறைவதில்லை. 170 மைல் வேகத்தில் செல்லும் பந்தைத் தாழ்வான கோணத்தில் அனுப்பினாலும் காற்று அதனைத் தூக்கிவிடும். அவ்வேகக்காரருக்குச் சுழற்சி மிகுவதுதான் தொல்லை. பந்து பட்டம்போல் எழும்பி, முன்செல்லாமல் நின்றுவிடும். ஆகவே அவர் சாய்வு குறைந்த, சுழற்சியைக் குறைக்கும் மட்டையை நாடுகிறார். 119 மைல் வேகப் பந்துக்கு நிலைமை நேர்மாறு. தாழ்வான கோணத்தில் அனுப்பினால் காற்று தாங்குவதற்குமுன் அது தரைக்கு வந்துவிடும். இவருக்கு வேண்டுவது உயர்ந்த எழுகோணமும், போதுமான பின்சுழற்சியும். ஒருவருக்கு மருந்தாக இருப்பது மற்றவருக்கு நோயாவது இவ்வாறுதான்.

இதற்கு நல்ல சான்று தொழில்முறைப் பெண்டிரின் ஆட்டம். ஆடவரின் பந்து ஏறக்குறைய 11 டிகிரி கோணத்தில் எழுகின்றது. பெண்டிரின் பந்து 13 டிகிரிக்குச் சற்று மேல். அவர்கள் மட்டையைச் சுமார் 3 டிகிரி மேல்நோக்கி வீசிப் பந்தைச் சந்திக்கின்றனர். ஆடவரோ சற்றே கீழ்நோக்கி வீசுகின்றனர். இதனால் 94 மைல் வேகத்திலேயே பெண்டிரின் பந்து சுமார் 220 கஜம் வானில் பறந்து செல்கின்றது. அதே 94 மைல் வேகமுள்ள ஆடவர் பலர் அவ்வளவு தொலைவு அனுப்புவதில்லை. வேகத்தில் தமக்கு நிகரானவரைப் பாராமல், தம்மினும் 20 மைல் கூடுதலாக வீசுபவரைப் பார்த்து ஆடுவதன் பயன் அது. மெல்ல வீசுவோர் தொலைக்காட்சியில் பார்த்துப் பழக வேண்டியது பெண்டிரின் ஆட்டத்தையே என்று துணிந்து கூறலாம்.

தொலைவு ஒன்றே ஆட்டம் அன்று என்பதையும் நினைவிற் கொள்வோம். 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் நான்காம் இடம் பெற்றார். ஒரே ஓர் அடி வேறுபாட்டில் பதக்க வாய்ப்பு அவர் கையைவிட்டுப் போயிற்று. அப்போட்டியில் மிகக் குறைந்த தொலைவுக்கு அடித்தவர்களுள் அவரும் ஒருவர். பந்தை நேராக வைத்ததும், குழியருகே தவறாமல் ஆடியதுமே அவரை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டு சென்றன.

இனி மட்டைக்கு வருவோம். நெடுங்காலம் டிரைவரின் தலை மரத்தாலேயே செய்யப்பட்டு வந்தது. பெர்சிமன் என்னும் அமெரிக்க மரம் அதற்குச் சிறந்ததாகக் கருதப்பட்டது. நம் கருங்காலியின் இனத்தைச் சேர்ந்தது அது. 1979 ஆம் ஆண்டில் டெய்லர்மேட் நிறுவனம் எஃகுத் தலையுள்ள மட்டையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1991 ஆம் ஆண்டில் காலவே நிறுவனம் 190 கன சென்டிமீட்டர் அளவுள்ள எஃகுத் தலையைச் செய்தது. அந்நாளில் அது பெரிய தலையாகத் தோன்றிற்று. பின்னர் டைட்டானியம் என்னும் இலேசான உலோகம் வந்தது. தலை மேலும் மேலும் பெருத்தது. 2004 ஆம் ஆண்டில் 460 கன சென்டிமீட்டர் என்று வரம்பு வகுக்கப்பட்டது. எடை கூடாமல் தலை பெருத்ததால், உலோகத்தை ஓரங்களுக்குத் தள்ளி வைக்க இடம் கிடைத்தது. இதனால் நிலைமத் திருப்புத்திறன் உயர்ந்தது. அதாவது, பந்து முகத்தின் நடுவிற் படாமல் ஓரத்திற் பட்டாலும் தலை எளிதில் திரும்பிவிடுவதில்லை. நடுவைத் தவறுகின்ற கைக்கு இது பெரிய உதவி.

அதே 2004 ஆம் ஆண்டில் டெய்லர்மேட் நிறுவனம் தலையில் நான்கு சிறு எடைகளைத் திருகி மாற்றக்கூடிய மட்டையை வெளியிட்டது. 2008 ஆம் ஆண்டு தொடக்கத்தில் விதிகள் மேலும் தளர்த்தப்பட்டன. எடையை மட்டுமன்றி, முகத்தின் சாய்வு போன்றவற்றையும் மாற்றி அமைக்கும் மட்டைகள் ஏற்கப்பட்டன. இவையே மாற்றியமைக்கத்தக்க டிரைவர்கள். முற்காலத்தில் ஒருவர்க்குச் சாய்வு போதவில்லையென்றால் வேறு மட்டைதான் வாங்கவேண்டும். இன்று ஒரு சிறு திருகுச் சாவி போதும்.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கின்றது? தலையின் கழுத்தில் தண்டு செருகும் இடத்தில் ஓர் உலோகக் குழல் இருக்கின்றது. அக்குழலின் துளை நேராக இல்லாமல் மிகச் சிறிதளவு சாய்வாகத் துளைக்கப்பட்டிருக்கும். திருகைத் தளர்த்திக் குழலைச் சுற்றி வேறு நிலையில் பொருத்தினால், தலையோடு தண்டு சேரும் கோணம் மாறிவிடும். பெரும்பாலான மட்டைகளில் இதனால் சாய்வை ஒன்று முதல் இரண்டு டிகிரி வரை கூட்டவோ குறைக்கவோ முடியும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கடைக்காரர் பலர் இதனைச் சொல்வதில்லை. சாய்வு தனியே மாறுவதில்லை. முகத்தின் திசையும் உடன் மாறுகின்றது. சாய்வைக் கூட்டும் நிலையில் மட்டையை இயல்பாகத் தரையில் வைத்தால், வலக்கை ஆட்டக்காரர்க்கு முகம் சிறிது இடப்புறம் நோக்கும். அதனை நேராக்கிப் பிடிக்கும்போதுதான் கூடுதற் சாய்வு முழுமையாகக் கிடைக்கும். குறைக்கும் நிலையிலோ முகம் வலப்புறம் நோக்கும். மெல்ல வீசுவோர் பலருக்குப் பந்து வலப்புறம் வளைந்து ஓடும் 'ஸ்லைஸ்' என்னும் குறை இருக்கின்றது. அவர்கள் சாய்வைக் கூட்டினால், முகம் சற்று இடப்புறம் திரும்புவதும் அவர்களுக்கு நன்மையாகவே முடியும். ஆனால், ஏற்கெனவே பந்தை இடப்புறம் வளைப்பவர் இதனை எண்ணிப் பார்த்தே திருகைத் தொடவேண்டும். இடக்கை ஆட்டக்காரர் நான் கூறிய திசைகளை மாற்றிக் கொள்வாராக.

அடுத்தது எடைகள். சில கிராம் முதல் பத்துப் பதினைந்து கிராம் வரையுள்ள திருகுகளோ, பள்ளத்தில் நகரும் சிறு கட்டியோ தலையின் அடிப்புறத்தில் அமைந்திருக்கும். எடையைக் கழுத்தின் பக்கமாக வைத்தால் பந்து இடப்புறம் வளைய ஏதுவாகும், ஸ்லைஸ் குறையும். எடையைத் தலையின் பின்புறத்தில் வைத்தால் புவியீர்ப்பு மையம் பின்னோக்கிச் செல்லும், பந்து உயர எழும், திருப்புத்திறனும் கூடும். முகத்துக்கு அருகே வைத்தாலோ சுழற்சி குறையும்; பந்து தாழ்ந்து செல்லும். விளம்பரங்களில் 'சுழற்சி குறைந்தது' என்று புகழப்படும் மட்டைகள் பெரும்பாலும் இம்முன்னெடை வகையைச் சேர்ந்தவை. வேகக்காரர்க்கு அவை நன்று. மெல்ல வீசுவோர்க்கு வேண்டியது பின்னெடையே. எடை மாற்றத்தால் நிகழ்வது பெருமாற்றம் அன்று. பந்தின் போக்கில் சில கஜ வேறுபாடே உண்டாகும். தவறான வீச்சைத் திருகுச் சாவி திருத்திவிடாது.

எத்தனை டிகிரிச் சாய்வு வேண்டும்? 80 மைல் அளவில் வீசுவோர்க்குப் பந்து 14 முதல் 16 டிகிரி கோணத்தில் எழுவது நல்லது. பந்து எழும் கோணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் முகத்தின் சாய்வாலேயே அமைகின்றது. எஞ்சியதே வீச்சின் திசையால் அமைவது. ஆகவே அவர் 12 டிகிரி அளவிலிருந்து ஆராயத் தொடங்கலாம். இன்னும் மெல்ல வீசுவோர்க்கு 13 டிகிரியும் மிகை அன்று. ஆனால் நடப்பதென்ன? மட்டையின் அடியில் பொறித்த எண்ணை மக்கள் ஒரு பட்டம்போல் கருதுகின்றனர். 9 டிகிரி வீரனுக்கு அடையாளம் என்றும், 12 டிகிரி இயலாதவனுக்கு உரியது என்றும் எண்ணிக் கூசுகின்றனர். அந்த எண்ணைப் பந்து படிப்பதில்லை. மேலும், செய்முறையில் ஒரு டிகிரி வரை வேறுபாடு நேர்வது உண்டாதலால், பொறித்த எண்ணும் உண்மைச் சாய்வும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதுமில்லை.

தலைக்கு அடுத்தபடி கருதவேண்டியது தண்டு. இன்று அது கார்பன் இழையால் ஆனது. வேகக்காரர்கள் 60, 70 கிராம் எடையுள்ள விறைப்பான தண்டுகளைக் கொள்கின்றனர். மெல்ல வீசுவோர்க்கு 40 முதல் 50 கிராம் எடையுள்ள, வளைந்து கொடுக்கும் தண்டு ஏற்றது. இலேசான தண்டு களைப்பின்றி வீச உதவும்; பதினெட்டுக் குழிகளும் ஆடி முடிக்கும் முதியவருக்கு இது சிறிய நன்மை அன்று. வளையும் தன்மையை எழுத்துகளால் குறிப்பர். எக்ஸ், எஸ் என்பன விறைப்பானவை. ஆர் என்பது நடுத்தரம். ஏ, எல் என்பன வளைந்து கொடுப்பவை. இவ்வெழுத்துகளுக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒருவர் 'ஆர்' என்பது மற்றவர் 'எஸ்' என்பதற்கு நிகராக இருக்கலாம். எழுத்தை நம்பி வாங்குவதும், எண்ணை நம்பி வாங்குவதைப் போன்றதே.

நீளத்தைப் பற்றியும் ஒரு சொல். விதி 48 அங்குலம் வரை இடந்தருகின்றது. 2022 ஆம் ஆண்டு முதல் பெரும் பந்தயங்களில் 46 அங்குலம் என வரையறுத்துக்கொள்ளவும் வழி செய்யப்பட்டுள்ளது. நீண்ட மட்டை வேகத்தைக் கூட்டும் என்பது உண்மையே. ஆனால் முகத்தின் நடுவில் பந்தைச் சந்திப்பது அரிதாகும். நான் முன்னர்க் கூறிய ஒன்றரை மடங்கு, நடுவில் பட்டால் கிடைப்பது. ஓரத்தில் பட்டால் அது குறையும். எனவே, நடுவைத் தவறும் நீண்ட மட்டையினும் நடுவைக் காணும் குட்டை மட்டை தொலைவிலும் மேம்பட்டு நிற்கக் கூடும்.

இவற்றையெல்லாம் கருதித் தேர்ந்தெடுக்கும் முறை யாது? அளந்து பார்ப்பதுதான். பந்தின் வேகம், எழுகோணம், சுழற்சி ஆகியவற்றை அளக்கும் கருவிகள் இன்று பல பயிற்சி நிலையங்களிலும் கடைகளிலும் உள்ளன. அவற்றுட் பல ராடார் முறையில் இயங்குபவை. நீங்கள் பாடத்தில் படிக்கும் டாப்ளர் விளைவே அவற்றின் அடிப்படை. கருவி இல்லாத இடத்திலும் வழி உண்டு. மட்டையின் முகத்தில் சிறிது முகப்பவுடரைத் தூவி அடித்தால், பந்து பட்ட இடம் அப்படியே பதியும். பத்து அடிகளில் எத்தனை நடுவில் பட்டன என்பதைக் கண்ணாலேயே காணலாம்.

அளக்கும்போது இரண்டு நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். முதலாவது, ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுதல். சாய்வையும் எடையையும் தண்டையும் ஒருங்கே மாற்றிவிட்டு, பந்து நன்றாகச் சென்றது என்று மகிழ்ந்தால், எதனால் நன்றாகச் சென்றது என்பது தெரியாது. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பின்பற்றும் முறைதான் இங்கும் வேண்டும். பந்தை வைக்கும் முளையின் உயரத்தையும் ஒரே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். பந்தின் பாதி, மட்டைத் தலையின் மேல்விளிம்புக்கு மேலே தெரியுமாறு வைப்பது வழக்கம்.

இரண்டாவது, சிறந்த அடியை நோக்காமல் சராசரியை நோக்குதல். ஒரு மட்டையால் பத்து முறை அடித்ததில் ஒரு பந்து 190 கஜம் சென்றது. எஞ்சியவை 140 கஜத்துக்கும் 165 கஜத்துக்கும் இடையே இங்குமங்கும் சிதறின என்று கொள்வோம். மற்றொரு மட்டையால் எந்தப் பந்தும் 180 கஜத்தைத் தாண்டவில்லை; ஆயினும் எல்லாம் 165 கஜத்துக்கு மேல் நேராகச் சென்றன என்று கொள்வோம். கடையில் நிற்பவர் முதல் மட்டையையே வாங்குவார். அந்த 190 கஜம் அவர் காதில் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஆட்டத்தில் அவருக்கு உதவுவது இரண்டாவதுதான். தம்முடைய ஒருநாள் வெற்றியைத் தம் அளவாகக் கொள்வது மனித இயல்பு. அதனின்று நம்மைக் காப்பது கணக்கு.

மாற்றியமைக்கும் வசதிக்கும் எல்லை உண்டு. ஆட்டம் தொடங்குமுன் எந்த நிலையிலும் பொருத்திக் கொள்ளலாம். ஆட்டத்தின் நடுவில், இக்குழிக்கு இப்படி, அடுத்த குழிக்கு அப்படி என்று மாற்றுதல் விதிக்கு மாறானது. திருகை அந்த நிறுவனம் தரும் சாவியாலேயே முடுக்க வேண்டும். போதிய இறுக்கம் வந்ததும் அது 'கிளிக்' என்று ஒலி எழுப்பும். தளர்ந்த தலையோடு வீசினால் தலை கழன்று பறந்து பிறரைத் தாக்கக் கூடும். ஒரு நிறுவனத்தின் குழல் மற்றொரு நிறுவனத்தின் தலைக்குப் பொருந்துவதும் அரிது. மிக இலேசான மட்டைதான் வேண்டும் என்பவர்க்கு, மாற்றியமைக்க முடியாத எளிய மட்டையே தக்கதாக இருக்கலாம். குழலும் திருகும் சேர்க்கும் சில கிராம்களும் அதில் மிச்சமாகும்.

விலையைப் பற்றி எண்ணுவோர்க்கு ஓர் ஆறுதல் உண்டு. தலையின் அளவுக்கு 460 கன சென்டிமீட்டர் என்பதும், மீட்சிக்கு 0.83 என்பதும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாறாத வரம்புகள். ஆண்டுதோறும் புதிய மட்டை புதிய பெயரோடு வருகின்றது. ஆனால் நடுவில் படும் பந்துக்கு அது தரும் வேகம் பழைய வரம்பை மீற முடியாது. ஆகவே, சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்து, ஒருவர் பயன்படுத்தி விற்ற மட்டை, ஒழுங்காகப் பொருத்தப்பட்டால், பொருத்தம் பாராமல் வாங்கிய புதிய மட்டையினும் நன்றாக உழைக்கும்.

மாற்றியமைக்கத்தக்க மட்டையின் உண்மையான பயன் நாட்கள் செல்லச் செல்லத்தான் தெரியும். கோடையில் தரை இறுகிக் கிடக்கும்போது பந்து விழுந்தபின்னும் நெடுந்தூரம் உருளும். அப்பொழுது சாய்வைச் சிறிது குறைக்கலாம். மழைக்காலத்தில் ஈரத்தரையில் பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும், அப்பொழுது வானில் கடக்கும் தொலைவே தொலைவு, சாய்வைக் கூட்டலாம். அவ்வாறே, அறுபதாம் வயதில் 90 மைல் வேகம் உடையவர்க்கு எழுபதாம் வயதில் 80 மைல் ஆகிவிட்டால், அவர் மட்டையைத் தூக்கி எறிய வேண்டுவதில்லை. ஒரு டிகிரி கூட்டினாற் போதும்.

மாணவ நண்பர்களே, உங்களிற் பெரும்பாலோர் கோல்ஃப் மட்டையைக் கையில் எடுக்கும் வாய்ப்பு இன்னும் பெற்றிருக்க மாட்டீர்கள். ஆயினும், ஓட்டக்காரர் செருப்பும், கிரிக்கெட் மட்டையின் கனமும், கண்ணாடிக்கடையில் பொருத்திப் பார்க்கும் வில்லையும் இதே வகையைச் சேர்ந்தவை. கண் மங்கியவர் தமக்கேற்ற வில்லையைக் கேட்டு வாங்க நாணுவதில்லை. மங்கிய கண்ணுக்கு அந்த வில்லைதான் எழுத்தைத் தெளிவாகக் காட்டுகின்றது. மெல்ல வீசும் கைக்கும் அத்தகைய வில்லை ஒன்று கிடைத்திருக்கின்றது. உங்கள் வீட்டிலோ அண்டையிலோ, தோள் தளர்ந்ததால் மட்டையை மூலையில் சார்த்திவிட்ட பெரியவர் ஒருவர் இருந்தால், அவர் மட்டையின் சாய்வு எத்தனை டிகிரி என்று கேட்டுப் பாருங்கள். 9 என்பாரானால், அவர் ஆட்டத்தை விடுவதற்கு இன்னும் காலம் இருக்கின்றது என்று அவரிடம் சொல்லுங்கள்.